தொலைவிலிருந்து கற்போருக்குத் துணை நிற்போம்

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் வானாய்வுக் கூடம் ஒன்று இருப்பதை நம்மில் பலர் அறிவோம். 1986ஆம் ஆண்டு முதல் அங்குள்ள 2.34 மீட்டர் விட்டமுடைய வைணு பாப்பு தொலைநோக்கி, எங்கோ தொலைவில் இருக்கும் விண்மீன்களைப் பார்த்து வருகிறது. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதே மலையின் பல ஊர்களில் பிள்ளைகளால் தங்கள் ஆசிரியரைத் திரையில் பார்க்க முடியவில்லை. சிக்னல் கிடைக்கவில்லை, பல வீடுகளில் ஸ்மார்ட்போனும் இல்லை.

அரசு கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. நல்ல முயற்சிதான். எனினும், உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளை வீடு திரும்பியபோது இழந்தது பாடத்தை மட்டுமல்ல. மணி அடித்தால் எழுவது, மாலையில் எல்லோரோடும் அமர்ந்து படிப்பது, "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்கும் ஆசிரியர் ஆகிய அனைத்தையும் இழந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் பள்ளி திறந்தது. ஏறத்தாழ 19 மாதங்கள்!

இது வசதியற்றவர்களின் சிக்கல் மட்டும்தானா? இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. நிறுவனங்கள் நடத்திய இணையவழிப் படிப்புகளில் 2017-18இல் சேர்ந்தவர்களுள் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான் என்று ஓர் ஆய்வு கூறுகிறது. வெறுமனே பார்க்கச் சேர்ந்தவர்களும் இவர்களுள் அடங்குவர் என்பது உண்மை. ஆனால் கட்டணம் செலுத்திச் சான்றிதழுக்காகச் சேர்ந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் முடிக்கவில்லை. இணைய வசதி இருந்தாலும் ஊக்கம் தானாக வந்துவிடுவதில்லை என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

காரணம் என்ன? "எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்" என்பது விரைவில் "நாளைக்குப் படிக்கலாம்" என்றாகிவிடுகிறது. நாம் வராததைத் திரை கவனிப்பதில்லை. ஐயம் எழுந்தால் உடனே கேட்க ஆளில்லை. இரண்டு பாடம் விட்டுப்போனால் மூன்றாவது புரியாது; புரியாதபோது, "எனக்குப் படிப்பு வராது" என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கும் பிள்ளைக்கு இந்த எண்ணம் மிகவும் ஆபத்தானது. நாமோ அதைச் சோம்பல் என்று சொல்லித் திட்டிவிடுகிறோம்.

2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி" திட்டம் இதற்கு ஒரு வழியைக் காட்டியது. மாலை வேளையில் தன்னார்வலர் ஒருவர் ஏறத்தாழ இருபது பிள்ளைகளை அவர்கள் குடியிருப்பின் அருகிலேயே அமர்த்திக் கற்பித்தார். பெரிய கருவிகள் தேவைப்படவில்லை. பெயர் சொல்லி அழைக்கும் ஒருவரும், குறித்த ஒரு நேரமும் இருந்தன.

இன்று நம் இளைஞர்கள் பலர் ஸ்வயம் போன்ற தளங்களில் படிக்கின்றனர். அவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, நாளும் ஒரே நேரத்தில் அரைமணி நேரமாவது படிக்க இடம் அமைத்துக் கொடுப்போம். அந்த நேரத்தில் கடைக்குப் போ, தண்ணீர் பிடி என்று வேலை ஏவாதிருப்போம்.

இரண்டாவது, "முடித்துவிட்டாயா?" என்று கேட்பதைவிட, "இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்" என்று கேட்போம். நமக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லிக் காட்டும்போது பிள்ளைக்கே அது தெளிவாகிறது.

மூன்றாவது, ஒரே படிப்பில் இருவரைச் சேர்ப்போம். ஒருவர் தளரும்போது மற்றவர் இழுத்துச் செல்வார்.

நான்காவது, ஒரு முடிவுநாளைக் குறிக்கச் செய்வோம். ஸ்வயத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்; சான்றிதழ் வேண்டுமெனில் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். தேர்வுக்கு முன்னதாகவே பதிவு செய்வது உறுதியைத் தரும்.

மலையூர்களில் சிக்னல் கிடைக்கும் இடத்திலேயே பாடங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளப் பழக்கலாம். எனினும் நமது ஊக்கச் சொற்கள் கோபுரத்துக்கோ விடுதிக்கோ ஈடாகாது. அவற்றையும் கேட்டுப் பெறத்தான் வேண்டும்.

நம் தெருவில் தனியே கைப்பேசியில் படித்துக் கொண்டிருக்கும் பிள்ளை யார்? இன்று மாலை அந்தப் பிள்ளையிடம், "பாடம் எதுவரை வந்திருக்கிறது?" என்று கேட்போம். நாளையும் மறவாமல் கேட்போம்.