பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளை

விடியுமுன்னரே பெரட்டுக்குப் புறப்பட்டுவிடும் பெற்றோர், தம் பிள்ளை பள்ளிக்குச் செல்லும்போது அதன் முகத்தைக் காண்பதில்லை. "வயிறு வலிக்கிறது, பள்ளிக்குப் போகவில்லை" என்று அது சொன்னால், சோம்பல் என்றெண்ணி அதட்டிவிடுவதும் உண்டு. நாம் ஆசிரியப் பணியில் இருந்தபோது மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் அடிக்கடி இவ்வாறு சொல்லி வந்தான். அவனுடைய உணவுக் காசை மூத்த மாணவர் இருவர் நாள்தோறும் பறித்து வந்தனர் என்பது இரண்டு மாதங்களுக்குப் பின்னரே தெரிந்தது. பசியும் அச்சமுமே அவனுடைய நோய்.

இதனையே பகடிவதை என்கிறோம். விளையாட்டில் சண்டையிட்டு மறுநாளே கூடிக்கொள்வது பகடிவதை அன்று. வலியவர் எளியவரை வேண்டுமென்றே, திரும்பத் திரும்பத் துன்புறுத்துவதே பகடிவதை. அடிப்பது மட்டுமன்றி, நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வைப்பதும், விளையாட்டில் சேர்க்காது ஒதுக்குவதும், கைப்பேசி வழியே இழிவுபடுத்துவதும் இதில் அடங்கும்.

கிழிந்த சட்டை, காணாமற்போகும் எழுதுகோல், பள்ளி விட்டதும் மிகுந்த பசி, உறக்கத்தில் அலறல் ஆகியவை இதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

பெற்றோர் செய்யவேண்டியது என்ன? முதலாவதாக, பிள்ளை சொல்வதைப் பொறுமையுடன் கேளுங்கள். "நீயும் திருப்பி அடி" என்று கூறாதீர்கள். அடிக்கும் வலிமை இருந்தால் அது அழுதுகொண்டு வந்திராது. இரண்டாவதாக, அண்டை வீட்டாரிடம் சண்டைக்குச் செல்லாதீர்கள். பிள்ளைகளின் வழக்கு லயத்தில் பெரியவர்களின் பகையாக முற்றும். பிள்ளையோ மறுமுறை வாய் திறவாது. மூன்றாவதாக, நடந்த நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். பயனில்லையேல் தலைமையாசிரியரையும், பின்னர் மாவட்டக் கல்வி இலாகாவையும் அணுகலாம். 'தாலியான் காசே' எனும் அரசாங்க உதவித் தொலைபேசி, எண் 15999, இரவும் பகலும் இயங்குகிறது.

பள்ளியால் இதனைத் தடுக்க இயலுமா? இயலும். நார்வே நாட்டில் 1982-ஆம் ஆண்டில் சிறுவர் மூவர் உயிர் துறந்தனர். பகடிவதையே காரணம் எனக் கருதப்பட்டதால், 1983-இல் நாடெங்கும் தடுப்பு இயக்கம் தொடங்கிற்று. ஓய்வு நேரத்தில் ஆசிரியர் கண்காணிப்பு, வகுப்பில் தெளிவான விதிகள், இரு தரப்புப் பெற்றோருடனும் பேச்சு ஆகியவை பேராசிரியர் டான் ஒல்வேயஸ் வகுத்த வழிகள். பெர்கன் நகரப் பள்ளிகளில் இரண்டாண்டுகளுக்குள் பகடிவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சிற்றுண்டிச்சாலையிலும் கழிவறைப் பக்கத்திலும் ஆசிரியர் ஒருவர் நிற்க ஏற்பாடு செய்யுமாறு நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கேட்கலாம். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்புண்டு. அவர்கள் சிரித்தால் வதைப்பவன் துணிவு பெறுகிறான். ஆசிரியரிடம் சொல்வது கோள் அன்று, உதவி என்பதை நம் பிள்ளைகளுக்கு உணர்த்துவோம்.

வதைப்பவன் நம் பிள்ளையாக இருந்தாலோ? அதனை மறைக்கவும் வேண்டாம். அடித்து நொறுக்கவும் வேண்டாம். அன்று காசு பறித்தவருள் ஒருவன் வீட்டில் நாள்தோறும் அடி வாங்கியவன். பறித்த காசை அவனே திருப்பித் தருமாறு செய்து, தவற்றை எடுத்துரைத்தோம். அவனும் திருந்தினான், சிறியவனும் தவறாது பள்ளிக்கு வந்தான்.

வேலை முடிந்து வீடு திரும்பியதும், "இன்று யாருடன் விளையாடினாய்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். மறைந்திருக்கும் துன்பம் அந்த விடையில் வெளிப்படக்கூடும்.