மலைப் பெயர்களுக்கு ஓர் எக்ஸெல் ஷீட்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் வீட்டுக் கணக்கு எழுதத்தான் எக்ஸெல்லைத் திறப்பார்கள். நான் ஸ்காட்லாந்து மலைகளின் பெயர்களை எழுதத் திறந்தேன். காரணம், கிளாஸ்கோவில் படிக்கும் என் அக்கா மகன். ஏறிய மலையின் போட்டோவை அனுப்புவான். கூடவே வாயில் நுழையாத ஒரு பெயரும் வரும். "இதற்கு என்னடா அர்த்தம்?" என்றால், "என்கூட ஏறுகிறவர்களுக்கே தெரியாது மாமா" என்பான்.

அவை கேலிக் மொழிப் பெயர்கள். 2022 கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்தில் அம்மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 70 ஆயிரம் பேர்தான். ஆனால் 3,000 அடிக்கு மேல் உயர்ந்த, 'மன்ரோ' எனப்படும் 282 மலைகளில் பெரும்பாலானவற்றின் பெயர் அந்த மொழியில்தான் இருக்கிறது.

சில சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும், பாதிப் பெயர்கள் புரிந்துவிடும். பெய்ன் என்றால் மலை. கார்ன் கற்குவியல். ஸ்கூர் கூரான பாறைச் சிகரம். மோர் பெரியது, பெக் சிறியது. ஜெரக் சிவப்பு. ஆக, 'பெய்ன் ஜெரக்' என்றால் செம்மலை!

கோட்டை விடாதீர்கள்

கேலிக்கை ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள். உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு இருந்தால் அது நெடில். நம் 'படம்', 'பாடம்' போல அங்கே குறில் 'பட்ட' என்றால் தடி, நெடில் 'பாட்ட' என்றால் படகு. கோட்டை விட்டால் அர்த்தத்தையும் கோட்டை விட்டுவிடுவோம்.

விண்டோஸில் இதை டைப் செய்வது எளிது. நம் லாக் ஆன் செய்து, ஆல்ட் கீயை அழுத்தியபடி வலப்பக்க எண் விசைகளில் 0224 என்று தட்டுங்கள். கோடு போட்ட 'ஏ' வரும். 'ஈ'க்கு 0232, 'ஐ'க்கு 0236, 'ஓ'வுக்கு 0242, 'யு'வுக்கு 0249. இவை சிறிய எழுத்துகளுக்கான எண்கள்.

நான் செய்த தவறு

ஒரே பெயரைச் சில இடங்களில் கோட்டுடனும், சில இடங்களில் கோடில்லாமலும், சில இடங்களில் நடுவே ஹைபன் போட்டும் எழுதியிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் ரீப்ளேஸ் கொடுத்து ஒரே மாதிரி ஆக்கினேன். பிறகு டேட்டா மெனுவில் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' கிளிக் செய்து, பெயர் இருக்கும் காலத்தை மட்டும் டிக் செய்து, சேவ் செய்து மூடிவிட்டேன்.

மறுநாள் எண்ணிப் பார்த்தால் 282 இல்லை! 'கியல் கார்ன்' (வெண் கற்குன்று) என்ற பெயரில் 917 மீட்டர் முதல் 1,132 மீட்டர் வரை நான்கு மன்ரோக்கள் உண்டு. என் ஷீட்டில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. எந்த மலையை எந்த வரைபடத்தில் எப்படி எழுதியிருந்தார்கள் என்ற விவரமும் போய்விட்டது. பேக்கப்பும் இல்லை.

அப்போதுதான் ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் 'நேம் புக்ஸ்' பற்றி அறிந்தேன். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தை அளந்தவர்கள் எழுதிய பெயர்ப் பதிவேடுகள் அவை. வரைபடத்துக்குரிய பெயர், கிடைத்த வெவ்வேறு எழுத்து வடிவங்கள், அவற்றைச் சொன்னவர் யார், இடம் எங்கே, விளக்கம் என்ன என்று தனித்தனிக் கட்டங்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே சரியான டேட்டாபேஸ்!

இப்போது என் ஷீட்டிலும் அப்படியே: வரிசை எண், கண்டபடி பெயர், திருத்திய பெயர், எங்கே கண்டது, உயரம், வட்டாரம், அர்த்தம். 'கண்டபடி' காலத்தில் நான் கை வைப்பதே இல்லை.

இன்னொன்று: அர்த்தத்தைத் தமிழில் எழுதிச் சாதாரண சிஎஸ்வி ஃபைலாக சேவ் செய்தால், தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். 'சேவ் ஆஸ்' போய் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' தேர்ந்தெடுங்கள். மூல எக்ஸெல் ஃபைலைப் பென் டிரைவில் தனியே வையுங்கள்.

போன வாரம் அக்கா மகன் ஒரு மலையின் போட்டோவை அனுப்பினான். ஷீட்டைப் பார்த்து, "எட்டிவ் பள்ளத்தாக்கின் பெரிய மேய்ப்பன்" என்று பதில் போட்டேன். அடுத்த போட்டோவுக்கு அர்த்தத்தை அவனே தேடி எழுதியிருந்தான்.