எந்திரத்தைப் பிளக்கும் ஒரு கிண்ணம் தண்ணீர்!

அமெரிக்காவின் வட கோடியில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே பெரியதும் சிறியதுமாக 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் உண்டு. நம் ஊரில் வீட்டு வாசலில் சைக்கிள் நிற்பது போல, அங்கே பல வீடுகளின் வாசலில் மோட்டார் படகு நிற்கும்.

கோடை வந்தால் கொண்டாட்டம்தான். அப்பாவும் பிள்ளைகளும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் இந்தக் கொண்டாட்டம் சில மாதங்களுக்குத்தான். நவம்பர் பிறந்தால் கரையோரத் தண்ணீர் கண்ணாடி போல உறையத் தொடங்கும். பிறகு ஏரி முழுவதும் பனிக்கட்டி மூடிக்கொள்ளும். அது நன்றாகத் தடித்த பிறகு, அதன் மேல் காரே ஓட்டுகிறார்கள்! மறுபடி உருகி முடிய ஏப்ரல் மாதம் ஆகிவிடும்.

அப்படியானால் படகு என்ன ஆகும்?

உறைவதற்கு முன்பே அதைக் கரையேற்றி, கொட்டகையில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் கரையேற்றினால் மட்டும் போதாது. யாரும் தொடாமல், எதிலும் மோதாமல், கொட்டகையில் நின்ற நிலையிலேயே படகின் எந்திரம் பிளந்துபோவது உண்டு. மார்கழிக் குளிரில் நடந்த அந்தச் சேதம், சித்திரையில் எந்திரத்தை ஓட்டும்போதுதான் கண்ணில் படும். பிளந்த இடத்தில் தண்ணீர் ஒழுகும். சில சமயம் எந்திரத்தையே மாற்றவேண்டி வரும். குடும்பத்தின் ஒரு வருடச் சேமிப்பு அதிலேயே கரைந்துவிடும்.

இவ்வளவுக்கும் காரணம் யார்? உள்ளே தங்கிவிட்ட ஒரு கிண்ணம் தண்ணீர்!

இரும்பை உடைக்கும் பனிக்கட்டி

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரின் குணமே வேறு. உறையும்போது அது பெருக்கும். 100 படி தண்ணீர் உறைந்தால், ஏறத்தாழ 109 படி இடம் கேட்கும்.

மூடி இறுகிய கண்ணாடிப் பாட்டிலில் வாய்வரை தண்ணீர் நிரப்பி, பிரிட்ஜின் பனி அறையில் வைத்தால் பாட்டில் உடைவது இதனால்தான். அடைத்து வைத்தது கண்ணாடியானால் என்ன, வார்ப்பு இரும்பானால் என்ன? இடம் கிடைக்காவிட்டால் பனிக்கட்டி சுவரை உடைத்து இடம் செய்துகொள்ளும்.

படகு எந்திரத்துக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்கலாம். எந்திரம் ஓடினால் சூடாகும். பல படகுகளில் அந்தச் சூட்டைத் தணிக்க ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, எந்திரத்தைச் சுற்றி ஓடவிட்டு, வெளியே தள்ளுகிறார்கள். எந்திரத்தை நிறுத்திய பிறகும் குழாய் வளைவுகளிலும் பள்ளங்களிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். கோடையில் அதனால் கெடுதல் இல்லை. குளிரில்தான் அது எமன்.

ஐஸ்கிரீம் உருகியதால் வந்த மோட்டார்

படகின் பின்புறத்தில் மாட்டிக்கொள்ளும் மோட்டார் இருக்கிறதே, அதைப் பிரபலமாக்கியவர் இதே வட பகுதியில் வாழ்ந்தவர். அவர் பெயர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். மின்னசோட்டாவுக்கு அடுத்த மாநிலமான விஸ்கான்சினில் வளர்ந்தார்.

ஒரு கோடை நாளில் ஏரியின் மறுகரையில் தன் காதலி பெஸ்ஸுடன் இருந்தாராம். அவள் ஐஸ்கிரீம் கேட்டாள். இவர் துடுப்புப் போட்டு அக்கரை போய் வாங்கி வருவதற்குள் அது உருகிப் போயிற்றாம்! அன்றே படகுக்கு மோட்டார் செய்ய முடிவு செய்தார் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1909-ம் ஆண்டில் அவருடைய மோட்டார் விற்பனைக்கு வந்தது உண்மை. அதன் சக்தி ஒன்றரைக் குதிரை. பெஸ் அவருடைய மனைவியாகி, வியாபாரத்தையும் கவனித்துக்கொண்டார். எவின்ரூட் பெயரில் மோட்டார் தயாரிப்பது 2020-ம் ஆண்டில் நின்றுவிட்டது.

மாட்டும் மோட்டாரில் ஒரு வசதி உண்டு. அதை நேராக நிமிர்த்தி நிறுத்தினால், சூடு தணிக்கும் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். படுக்கவைத்தாலோ, சாய்த்து வைத்தாலோ வடியாது. குளிர்காலம் முழுவதும் அதை நிமிர்ந்தே நிற்க விடவேண்டும்.

படகுக்கு உள்ளேயே பொருத்திய பெரிய எந்திரம் இப்படி இல்லை. அதன் அடிப்பகுதியில் உள்ள வடிகால் திருகுகளைக் கழற்றி விடவேண்டும். திருகைக் கழற்றியும் தண்ணீர் வரவில்லையா? "காலியாகத்தான் இருக்கிறது" என்று நினைத்துவிடக்கூடாது. துருப் பொருக்கு துவாரத்தை அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் குபுகுபு என்று கொட்டும். அந்தக் கம்பியால் குத்தாமல் விட்டதால் பிளந்த எந்திரங்கள் எத்தனையோ!

வடித்த பிறகு, உறையாத திரவத்தை உள்ளே ஓடவிடுவார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை கொடிய விஷம். அதன் பெயர் எதிலீன் கிளைக்கால். அது இனிக்கும்! சிந்தியதை நாய் நக்கினால் பிழைப்பது அரிது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் திறந்து வைக்கவே கூடாது. வசந்தத்தில் இந்தத் திரவம் ஏரியில்தான் கலக்கும் என்பதால், படகுக்காரர்கள் விஷம் குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால் வகையையே பயன்படுத்துகிறார்கள்.

உடைந்ததால் வேகம் கூடியது!

இனி படகைத் தள்ளும் விசிறிக்கு வருவோம். 'புரொப்பெல்லர்' என்பது இதுதான். திருகாணி மரத்துக்குள் இறங்குவது போல, இது தண்ணீருக்குள் திருகிக்கொண்டு முன்னே போகிறது. விசிறியின் மேல் 13, 19 என்று இரண்டு எண்கள் பொறித்திருந்தால், அதன் அகலம் 13 அங்குலம் என்று பொருள். ஒரு சுற்றுச் சுற்றினால் 19 அங்குலம் முன்னேற வேண்டும் என்பது இரண்டாவது எண். தண்ணீர் இளகியது அல்லவா? உண்மையில் அதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போகும்.

இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் சுமித் என்ற விவசாயி 1836-ம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். சுவீடன் நாட்டு எந்திர நிபுணர் ஜான் எரிக்சனும் அதே ஆண்டில் வாங்கினார். சுமித்தின் விசிறி மரத்தால் ஆனது. இரண்டு சுற்றுள்ள நீளமான திருகு. 1837-ல் வாய்க்காலில் ஓட்டிப் பார்க்கும்போது அதில் பாதி உடைந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள். முன்னிலும் வேகமாக ஓடியது! நீளமான திருகு தேவையில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஒரு தடவைதான் உடைந்தது நன்மையாக முடிந்தது. இன்றைய விசிறியின் விளிம்பில் சின்ன நெளிவு விழுந்தாலும் கெடுதல்தான். ஒரு இதழ் நெளிந்தால் விசிறி ஒரு பக்கம் இழுக்கும். படகு நடுங்கும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். நாளடைவில் உள்ளே உள்ள பேரிங் தேய்ந்துவிடும்.

நெளிவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இதழின் நுனிக்கு அருகில் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு, விசிறியைக் கையால் மெல்லச் சுற்றவேண்டும். எல்லா இதழும் ஒரே இடைவெளியில் கடந்து போனால் சரி. ஒன்று மட்டும் பென்சிலைத் தட்டினால் அதை நிபுணரிடம் கொடுத்துவிட வேண்டும். சுத்தியலால் வீட்டிலேயே தட்டி நிமிர்த்துவது வேண்டாத வேலை.

ஒரு எச்சரிக்கை: விசிறியில் கை வைப்பதற்கு முன் சாவியை எடுத்துவிட வேண்டும், பிளக் கம்பிகளையும் கழற்றிவிட வேண்டும். கியர் விழுந்திருந்தால், கையால் சுற்றும்போதே எந்திரம் பற்றிக்கொள்ளக்கூடும். அப்புறம் விரல் மிஞ்சாது.

தூண்டில் நரம்பு செய்யும் வேலை

ஏரியில் மீன் பிடிப்பவர்கள் அறுந்த தூண்டில் நரம்பைத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். அது சுழலும் விசிறியில் சிக்கி, அதன் அச்சில் சுற்றிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. படகும் வழக்கம் போல ஓடும்.

ஆனால் அச்சைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பல்சக்கரங்கள் உள்ள அறைக்குள் தண்ணீர் புகாமல் தடுப்பது அதுதான். நரம்பு சுற்றச் சுற்ற இறுகி, அந்த ரப்பரை அரித்து அறுத்துவிடும். எண்ணெய் இருக்கவேண்டிய அறைக்குள் தண்ணீர் புகும். குளிர் வரும். தண்ணீர் உறையும். அலுமினிய உறை பிளந்துவிடும்! காசு பெறாத நரம்பு ஒன்று பெரிய செலவை இழுத்துவிட்டது.

இதனால்தான் கரையேற்றிய உடனே விசிறியைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். இதழுக்கும் மேலே உள்ள தகட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகினால் விசிறி சுழலாது. கொண்டை ஊசி போன்ற கம்பியை உருவி, நட்டைத் திருகினால் விசிறி கையோடு வந்துவிடும். வாசர்கள் எந்த வரிசையில் வந்தனவோ, அதே வரிசையில் எடுத்து வைக்கவேண்டும். அச்சில் நரம்பு இருந்தால் ஒரு இழை விடாமல் எடுக்கவேண்டும். பிறகு அச்சைத் துடைத்து, தண்ணீரில் கரையாத கிரீஸைத் தாராளமாகத் தடவவேண்டும். தடவாமல் விட்டால், சில வருடங்களில் விசிறி அச்சோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். மாட்டும்போது கொண்டை ஊசிக்கு மட்டும் புதிதாக ஒன்று போடுவது நல்லது.

அடுத்தது எண்ணெய். பல்சக்கர அறையின் கீழ்த் திருகையும் மேல் திருகையும் கழற்றினால் பழைய எண்ணெய் வடியும். அதன் நிறத்தைப் பார்க்கவேண்டும். கறுத்திருந்தால் பயமில்லை. பால் கலந்த காப்பி போல இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். உடனே வளையத்தை மாற்றியாக வேண்டும். புதிய எண்ணெயைக் கீழ்த் துவாரத்தின் வழியாகத்தான் ஏற்றவேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். மேல் துவாரத்தில் எண்ணெய் எட்டிப் பார்த்தால் அறை நிரம்பிவிட்டது.

விசிறிக்குப் பக்கத்தில் ஒரு உலோகக் கட்டி இருக்கும். உப்புத் தண்ணீரில் ஓடும் படகுக்குத் துத்தநாகம். நல்ல தண்ணீர் ஏரியில் ஓடும் படகுக்கு மக்னீசியம். தண்ணீரின் அரிப்பு முதலில் இதைத்தான் தின்னும். விசிறியையும் உறையையும் விட்டுவிடும். பாதி கரைந்திருந்தால் புதிது போடவேண்டும். சிலர் இதற்குப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அடித்தால் அது வேலை செய்யாது.

நம் கடற்கரையில்

நம் கடல் உறைவதில்லை. ஆனாலும் தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. மீன்கள் இனம் பெருக்குவதற்காக விடும் ஓய்வு இது. அங்கே குளிர் கரையேற்றுகிறது. இங்கே சட்டம் கரையேற்றுகிறது. இந்த நாட்களில்தான் நம் மீனவர்களும் படகைக் கரையில் இழுத்துவைத்து, பலகை பார்த்து, பெயிண்ட் அடித்து, விசிறியைச் சீர் செய்கிறார்கள். அங்கே தூண்டில் நரம்பு என்றால், இங்கே அறுந்த நைலான் வலைத் துண்டுகள். அச்சில் சுற்றிக்கொள்வதில் இரண்டும் ஒரே ஜாதிதான்!

மீதி வேலைகள்

பாட்டரியைக் கழற்றி முழுவதும் சார்ஜ் செய்து வைக்கவேண்டும். சார்ஜ் இறங்கிய பாட்டரியின் உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அது சுலபமாக உறைந்து வெடிக்கும். முழு சார்ஜ் உள்ள பாட்டரி கடுங்குளிரையும் தாங்கும். பெட்ரோலில் அது கெடாமல் இருக்க மருந்து கலந்து, சில நிமிடங்கள் எந்திரத்தை ஓட்டவேண்டும். இதைத் திறந்த வெளியில்தான் செய்யவேண்டும். மூடிய கொட்டகைக்குள் ஓட்டினால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். அதற்கு வாசனையே கிடையாது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்பின் ரப்பர் கருகிவிடும். ஆகவே குழாய்த் தண்ணீரை இணைத்துக்கொண்டே ஓட்டுவார்கள்.

அடிப்பகுதிப் பாசியைப் படகு ஈரமாக இருக்கும்போதே தேய்த்துவிட்டால் சுலபமாகப் போகும். காய்ந்தால் சுரண்டவேண்டும். மேலே தார்ப்பாய் கட்டும்போது காற்று போக வழி விடவேண்டும். எலிக்கு வழி விடக்கூடாது!

படகின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, அடியில் உள்ள வடிகால் தக்கையைக் கழற்றிவிடுவார்கள். உருகும் பனியும் மழையும் அதன் வழியாக வடிந்துபோகும்.

ஏப்ரலில் ஏரி திறக்கும். ஐந்து மாதம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த குடும்பம் அவசரமாகப் படகை இறக்கும். தக்கையை மாட்ட மறந்துவிடும்! இறக்கிய சிறிது நேரத்தில் படகு கரையோரமே முழுகத் தொடங்கும். வருடந்தோறும் யாராவது ஒருவர் இப்படி அகப்பட்டுக்கொள்கிறார். ஆகவே கழற்றிய தக்கையை எந்திரத்தின் சாவியோடு சேர்த்துக் கயிற்றில் கட்டி, சமையலறை ஆணியில் மாட்டி வைப்பவர்களும் உண்டு.