சாந்தகுணம்: ஒரு சொல்லாய்வு

பணிந்துபோகும் இயல்பையே சாந்தகுணம் என்று நம்மில் பலர் எண்ணி வருகிறோம். எதிர்த்துப் பேசாத வேலையாளும் வாய் திறவாத மருமகளும் அதற்கு எடுத்துக்காட்டாக அருளுரைகளில் காட்டப்படுவதுண்டு. திருமறையின் சொல் இப்பொருளைத் தாங்குமா என ஆராய்வது நம் கடமையாகும்.

'சாந்தம்' வடமொழியினின்று தமிழுக்கு வந்த சொல். தணிதல், ஓய்தல் எனப் பொருள்படும் 'சம்' என்னும் வேரிற் பிறந்து, கொந்தளிப்பு அடங்கிய மனநிலையைக் குறிக்கிறது. மத்தேயு 5:5இல் அது பெயர்க்கும் கிரேக்கச் சொல்லாகிய 'பிரயூஸ்' வேறொரு வரலாறு உடையது. செனபோன், குதிரையேற்றம் பற்றிய தம் நூலில், மனிதரோடு இணங்கிப் பழகிய குதிரைக்குட்டியின் இயல்பை இச்சொல்லால் குறிக்கிறார். பழகிய குதிரை தன் வலிமையை இழந்துவிடுவதில்லை. அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் 4ஆம் பகுதியில், மிகுசினத்திற்கும் சினமின்மைக்கும் இடைப்பட்ட பண்பாக இதனை வைக்கிறார். சினங்கொள்ள வேண்டிய இடத்தில் வாளாவிருப்பதும் அவருக்குக் குறையே.

எனினும், மத்தேயு 5:5இன் பின்னணி சங்கீதம் 37:11 ஆகும். அங்குள்ள எபிரேயச் சொல் 'ஆனாவ்'. துன்புறுதல், ஒடுக்கப்படுதல் என்னும் பொருளுடைய வேரோடு தொடர்புடையது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய எழுபதின்மர் பெயர்ப்பு அதனைப் 'பிரயூஸ்' என்றது. வாளை உருவி எளியோரை வீழ்த்துவோர் நடுவில் கடவுளையே நம்பிக் காத்திருப்போரைப் பற்றியது அச்சங்கீதம். நிலத்தைப் பற்றிய வாக்குறுதி அவர்களுக்கே அளிக்கப்படுகிறது.

எண்ணாகமம் 12:3 இதே சொல்லை மோசேக்குச் சூட்டுகிறது. அவர் பார்வோன் முன் அஞ்சாது நின்றவர். தம்மேல் பழி கூறப்பட்டபோது தமக்காக வாதாடாத அவரே, பழித்த மிரியாமின் நலத்திற்காக மன்றாடினார். மத்தேயு 21:5இல் கழுதையின்மேல் வரும் அரசருக்கும் 'பிரயூஸ்' என்பதே அடைமொழி. அவரே அதே அதிகாரத்தில் ஆலயத்துக் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்க்கிறார்.

ஆகவே சாந்தகுணம் கோழைத்தனமன்று. தன்னலத்திற்காகச் சினவாது, பிறர் நலத்திற்காகத் துணிந்து நிற்கும் பண்பு. திருக்குறளின் 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை பற்றியது. அடங்குதல் ஒருவர் தாமே மேற்கொள்வது. அடக்கப்படுதல் பிறர் அவர்மேல் சுமத்துவது. முன்னதைப் போதிக்கும் நாம் பின்னதற்குத் துணைபோகாதிருக்கிறோமா? பிரசங்க மேடையில் நிற்கும் ஒவ்வொருவரும் இதனைத் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.