கிளிமா (மீனவச் சிற்றூர்)

கிளிமா என்பது கிரேக்க நாட்டின் ஏஜியன் கடலில் உள்ள மிலோஸ் தீவின் மீனவச் சிற்றூர் ஆகும். திரிப்பித்தி ஊரிலிருந்து வளைந்து இறங்கும் சாலை இதன் கரையில் முடிகிறது.

இங்குள்ள வீடுகள் 'சிர்மாட்டா' எனப்படுகின்றன. 'இழுத்தல்' என்னும் பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கீழ்த்தளத்தில் படகு, மேல்தளத்தில் குடும்பம். குளிர்காலப் புயலுக்கு முன் படகைக் கடலிலிருந்து நேராக வீட்டுக்குள் இழுத்துவிடுவர். கதவுகளுக்குச் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எனப் பல வண்ணம் பூசப்பட்டிருக்கும். மீனவர் தம் வீட்டைக் கடலிலிருந்தே அடையாளம் காண இவ்வாறு பூசினர் என்பர்.

வாசலுக்கும் கடலுக்கும் இடையே ஒரு குறுகிய நடைபாதை மட்டுமே உண்டு. காற்று வலுத்தால் அலை வாசலைத் தொடும். நடப்பவர் கால் நனையாமல் தப்புவது அரிது. ஊர் மேற்கு நோக்கியிருப்பதால் மாலையில் கூட்டம் மிகுதி. ஆனால் காலையில் செல்வதே நல்லது. ஊர் அமைதியாக இருக்கும், மேலேயுள்ள பழைய அரங்கையும் வெயிலுக்கு முன் பார்த்துவிடலாம். 1820 இல் மிலோவின் வீனஸ் சிலை கிடைத்ததும் அதன் அருகில்தான். சிலை இப்போது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இன்று பல சிர்மாட்டாக்கள் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. படகு நின்ற இடத்தில் கட்டில் கிடக்கிறது. மிகைமீன்பிடிப்பைக் குறைக்க, உரிமத்தை ஒப்படைக்கும் மீனவருக்கு ஐரோப்பிய ஒன்றியம் இழப்பீடு வழங்கியது. அதற்காகக் கிரேக்கம் முழுவதும் 'கைக்கி' எனப்படும் மரப்படகுகள் ஆயிரக்கணக்கில் உடைக்கப்பட்டன. அவற்றைக் கட்டத் தெரிந்த தச்சர்களும் இப்போது மிகச் சிலரே.