‘பொ’ திரைக்கு வரும் வழி

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஓர் இனிப்புக் கடையின் இணையதளத்துக்கு பேனர் செய்துகொண்டிருந்தேன். சென்னையில் ஒரு டிஜிட்டல் ஏஜென்சியில் ஃபிரன்ட் எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். டிசைனர் ஃபிக்மாவில் வரைந்து தருவதை பிரவுசரில் உயிரோடு நடமாட வைப்பது என் வேலை. பேனரின் நடுவில் பெரிதாக ‘பொங்கல்’ என்று இருக்கும்; பால் பொங்கி வருவதுபோல் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் துள்ளி எழ வேண்டும். இதற்கென்றே தயாராகக் கிடைக்கும் ஒரு சிறு நிரலைச் சேர்த்து, ஆங்கிலத்தில் ஓட்டிப் பார்த்தேன். அழகாகத் துள்ளியது. தமிழைப் போட்டு, லிங்கை கிளையன்ட்டுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கடைக்காரர் போன் செய்தார்.

“தம்பி, பொங்கல் எங்க? நடுநடுவுல பொட்டுப் பொட்டா வட்டம்ல வருது!”

திறந்து பார்த்தேன். முதலில் ‘ப’ தனியாக எழுந்தது. அடுத்து, சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். அதற்கு இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். பிறகு ‘ங’. பிறகு தலையில் புள்ளி வைத்த இன்னொரு வட்டம். ‘க’. ‘ல’. மறுபடியும் புள்ளி வைத்த வட்டம். நான்கெழுத்துச் சொல் ஏழு துண்டாகிக் கிடந்தது.

ஏன் ஏழு என்று தேடிப் போனதில்தான், தினமும் கையாளும் எழுத்து திரைக்கு வரும் வழி எவ்வளவு நீளமானது என்று புரிந்தது. கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, எண்தான் தெரியும். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள். அவையும் முழுதாக நிரம்பவில்லை. நம்மிடம் இருப்பவையோ 247 எழுத்துகள், கிரந்த எழுத்துகள் தனி. பிறகு எப்படிப் போதுகிறது? அகரமேறியவை தவிர மற்ற உயிர்மெய்களுக்குத் தனித்தனி எண் கிடையாது. அகரமேறிய ‘ப’ ஓர் எண், ஒகரக் குறி ஓர் எண். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ‘பொ’. ‘ங்’ என்பது ‘ங’வும் புள்ளியும். ‘ல்’ என்பது ‘ல’வும் புள்ளியும். இப்போது எண்ணிப் பாருங்கள்: ப, ஒகரக் குறி, ங, புள்ளி, க, ல, புள்ளி. சரியாக ஏழு. நான் சேர்த்த நிரல் ஓர் எண்ணுக்கு ஒரு பெட்டி என்று பிரித்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்தும் எண்ணும் ஒன்றுக்கொன்று என்பதால் அங்கே குறை தெரியவில்லை.

இந்த எண்கள் வலையில் பயணம் போகும்போது பைட்டுகளாகின்றன. அதற்கான யூடிஎஃப்-8 முறையை 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கென் தாம்சன் எழுதிக் காட்டினார்; உடனிருந்தவர் ராப் பைக். அந்த முறையில் தமிழின் ஒவ்வொரு எண்ணும் மூன்று பைட். ஆகவே ‘பொங்கல்’ 21 பைட்டாக வந்து சேர்கிறது.

என்னை மெய்சிலிர்க்க வைப்பது இதற்கு அடுத்த கட்டம். ‘பொ’வைக் கையால் எழுதும்போது என்ன செய்கிறோம்? முதலில் கொம்பு, பிறகு ப, கடைசியில் கால். ஒலிக்கும்போது? முதலில் ப், பிறகு ஒ. கணினியின் நினைவில் இருப்பது நாக்கின் வரிசை. திரையில் தெரிய வேண்டியது கையின் வரிசை. ஒன்றை மற்றொன்றாக மாற்ற யாராவது இடையில் உட்கார வேண்டும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃபஸ் என்ற மென்பொருள். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தது. பாரசீகத்தில் ‘ஹர்ஃப்’ என்றால் எழுத்து, ‘பாஸ்’ என்றால் திறந்தது.

ஹார்ஃபஸ் ஒகரக் குறியைக் கண்டதும் அதைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிளக்கிறது. கொம்பைத் தூக்கி ‘ப’வுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. காலைப் பின்னால் நிறுத்துகிறது. பிறகு எழுத்துருவைத் திறந்து, ‘ங’வின் தலையில் புள்ளி எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டு, அங்கே வைக்கிறது. ‘கு’ போல உருவமே மாறிப்போகும் எழுத்து வந்தால், இரண்டு எண்களையும் சேர்த்து எழுத்துருவில் இருக்கும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்ள ‘ப’வே இல்லாமல் ஒகரக் குறி மட்டும் தனியாக வந்து நின்றால் அதற்கு ஓர் இருக்கை வேண்டுமே! அந்த இருக்கைதான் கடைக்காரர் பார்த்த புள்ளி வட்டம். இங்கே ஓர் எழுத்து இருந்திருக்க வேண்டும் என்று எந்திரம் காட்டும் அடையாளம் அது. துள்ள வைப்பதற்காக ஒவ்வொரு துண்டையும் தனிப் பெட்டிக்குள் அடைத்திருந்தேன். பெட்டிச் சுவரைத் தாண்டி ஒகரக் குறியால் ‘ப’வைத் தொட முடியவில்லை.

எழுத்துகள் உருவானதும் பிரவுசர் அவற்றின் அகலத்தைக் கூட்டி, வரியை எங்கே உடைப்பது, அடுத்த பத்தி எந்த உயரத்தில் தொடங்கும் என்று கணக்கிடுகிறது. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே கிடைப்பது 16.7 மில்லி வினாடி. அசைவு தடங்கலில்லாமல் தெரிய வேண்டுமானால் அதற்குள் எல்லாக் கணக்கும் முடிந்தாக வேண்டும். இப்போது பல போன்களின் திரை 120 முறை புதுப்பிக்கிறது. கெடு அதில் பாதி.

இந்தக் கணக்கில் சிக்கல் எங்கே வரும் என்றால், எல்லாச் சரக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. செய்தி முதலில் வந்துவிடும், படம் பிறகு வரும். நீங்கள் ஆழ்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது மேலே படம் வந்து உட்கார்ந்து, வரியைக் கீழே தள்ளிவிடும். எழுத்துருவும் அப்படித்தான். போனில் இருக்கும் எழுத்துருவில் முதலில் காட்டிவிட்டு, தளத்துக்குரியது இறங்கியதும் மாற்றுவார்கள். தமிழ் எழுத்துருக்களுக்குள் அகல வேறுபாடு அதிகம் என்பதால் வரிகள் வேறு இடத்தில் உடைந்து பக்கமே குலுங்கும். இந்தக் குலுக்கலை கூகுள் ஓர் எண்ணாகவே அளக்கிறது, 0.1க்குள் இருந்தால் நல்ல பக்கம். படத்துக்கான மருந்து நம் ஊர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே வழிதான். படம் இன்னும் வரவில்லை என்றாலும் இத்தனை அகலம், இத்தனை உயரம் என்று இரண்டே எண்களை முன்கூட்டி எழுதிவிட்டால், பிரவுசர் அந்த இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கும். அந்த இரண்டு எண்களை எழுதாமல் விடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. படிப்பவரின் கண்ணைப் பாதி வரியில் பிடுங்கிப் போடுவது அது.

அளவு என்றதும் பிக்சலைச் சொல்ல வேண்டும். டெவலப்பர் எழுதும் பிக்சலும் திரையில் ஒளிரும் புள்ளியும் ஒன்றல்ல. கை நீட்டும் தொலைவில் வைத்த திரையில் ஓர் அங்குலத்தில் 96இல் ஒரு பங்கு கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ, அதுவே வலையின் பிக்சல். அதாவது மனிதனின் கையையும் கண்ணையும் வைத்து வகுத்த அளவு. நல்ல போன் ஒன்றில் அப்படிப்பட்ட ஒரு பிக்சலுக்குள் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகள் அடங்கியிருக்கும். ‘ழ’வின் சுழி பிசிறில்லாமல் தெரிவது அதனால்தான்.

வலைப்பக்கத்துக்கு அழகு சேர்க்கும் சிஎஸ்எஸ் மொழியை 1994 அக்டோபரில் ஹோகோன் வியும் லீ முன்மொழிந்தபோது, பக்கத்தின் தோற்றத்தில் எழுதியவரின் விருப்பத்துக்கு எத்தனை விழுக்காடு இடம், படிப்பவரின் விருப்பத்துக்கு எத்தனை என்று பங்கு பிரிக்கவும் வழி வைத்திருந்தார். விழுக்காடு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் படிப்பவருக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் இன்னும் அந்த மொழிக்குள் இருக்கிறது. என் அம்மா எழுத்தளவைப் பெரிதாக்கித்தான் எதையும் படிப்பார். எழுத்தளவை பிக்சலில் எழுதி வைத்தால், பிரவுசரில் அவர் கூட்டி வைத்த அளவைப் பக்கம் கண்டுகொள்ளாது. ‘ரெம்’ என்ற அலகில் எழுதினால் அவருக்கேற்பக் கூடவே வளரும். டிசைனில் இருப்பது போலவே அச்சாக வேண்டும் என்று கிளையன்ட் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் போன்தான் என் கண்முன் வரும். ‘கூ’, ‘ழூ’ போன்ற எழுத்துகளின் வால் அறுபடாமல் இருக்க, ஆங்கிலத்துக்குப் போதுமான வரி உயரத்தைவிடக் கூடுதலாக விடுவதும் அப்படி வந்த பழக்கம்.

பொங்கல் பேனருக்கு வருகிறேன். மருந்து பிரவுசருக்குள்ளேயே இருந்தது. ‘செக்மென்டர்’ என்றொரு கருவி, எண்களை எண்ணாமல், மனிதர் ஒன்றாகக் காணும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். குரோமில் 2020இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2024இலும் வந்தது. பழைய வரியை எடுத்துவிட்டு அதை வைத்தேன். பெட்டிகள் நான்காயின. கொம்பையும் காலையும் அணைத்துக்கொண்டு ‘பொ’ எழுந்தது. பின்னாலேயே புள்ளி சிந்தாமல் ‘ங்’, பிறகு ‘க’, கடைசியில் ‘ல்’. கடைக்காரருக்கு மறுபடி அனுப்பினேன். “இப்பதான் தம்பி பொங்குது” என்றார்.

அந்த ஆகஸ்டில் அவருக்கே வரலக்ஷ்மி விரதத்துக்கு ஒரு பேனர். அதே நிரல், அதே துள்ளல். ‘வரலக்’ வரை ஒழுங்காக வந்தது; ‘ஷ்’ மட்டும் ஒரு கணம் தாமதித்துத் தனியாக எழுந்தது. நம் கண்ணுக்கு ‘க்ஷ்’ ஒரே எழுத்து. செக்மென்டரின் பொது விதிக்கோ ‘க்’ ஒன்று, ‘ஷ்’ ஒன்று. ‘ஸ்ரீ’யும் அப்படியே இரண்டாகும் என்று சோதித்தபோது தெரிந்தது. ‘க்’கை அடுத்து ‘ஷ’ வரிசை வந்தாலும் ‘ஸ்’ஸை அடுத்து ‘ரீ’ வந்தாலும் ஒரே பெட்டியில் போடு என்று இரண்டு வரி நானே எழுதிச் சேர்த்தேன். அதற்குப் பிறகு செய்த எல்லாத் தமிழ்த் தளங்களிலும் அந்த இரண்டு வரியும் இருக்கின்றன.