மூட்டை தூக்கினா மட்டும் போதுமா? 'ஸ்ட்ராங்மேன்' போட்டிக்கு தயாராகும் இளசுகள் தெரிஞ்சுக்க வேண்டிய சூட்சுமம்!

கொடுமுடி:

கொடுமுடி சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனை கூடத்தில் ஏலம் நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். தேங்காய், கொப்பரை, எள் என்று மூட்டைகள் அடுக்கிக் கிடக்கும். அதை முதுகில் ஏற்றிக்கொண்டு லாரியை நோக்கி விறுவிறுவென நடக்கும் அண்ணன்களைப் பார்த்தால், "இவங்களை விடவா ஒருத்தன் பலசாலி இருக்கப் போறான்?" என்றுதான் தோன்றும்.

பலசாலிதான். சந்தேகமே இல்லை. ஆனால் அதே அண்ணனை 'ஸ்ட்ராங்மேன்' போட்டியில் ஒரு உருண்டைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினால் திணறிப் போவார். பலம் பத்தாமல் அல்ல. தூக்கும் விதம் வேறு, சாப்பாட்டுக் கணக்கு வேறு, எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வுக் கணக்கு வேறு. இது தெரியாமல் வேகத்தில் இறங்கும் இளவட்டங்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு மாசக்கணக்கில் வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடக்கிறார்கள். கூலிக்குப் போகிறவனுக்கு முதுகுதானே முதலீடு?

கல்யாணக்கல்

ஸ்ட்ராங்மேன் போட்டி என்றால் கட்டுமஸ்தான உடம்பை எண்ணெய் தேய்த்துக் காட்டுவது அல்ல. அது ஆணழகன் போட்டி. இங்கே தொப்பை இருந்தாலும் பரவாயில்லை, பொருளைத் தூக்கணும், இழுக்கணும், புரட்டணும். லாரியை கயிறு கட்டி இழுப்பது, டிராக்டர் டயரைப் புரட்டிப் போடுவது, இரண்டு கையிலும் எடையைப் பிடித்துக்கொண்டு நடப்பது, நுகத்தடி மாதிரி இரும்புச் சட்டத்தை தோளில் சுமந்து ஓடுவது, கல் உருண்டையைத் தூக்கி மேடை மேல் வைப்பது என்று பல சுற்றுகள். உலக அளவில் 1977-ம் ஆண்டு அமெரிக்காவில் ஆரம்பித்தது. டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். நம்ம இளவட்டக்கல் என்ன? அதேதான். கல்லைத் தூக்கினவனுக்குத்தான் பொண்ணு என்று ஒரு காலத்தில் இருந்ததால் 'கல்யாணக்கல்' என்றும் அதற்குப் பேர். நெல்லை மாவட்டம் பணகுடி பக்கத்தில் உள்ள வடலிவிளை கிராமத்தில் பொங்கல் சமயத்தில் இந்தப் போட்டி பிரபலம். 45 கிலோவில் ஆரம்பித்து 129 கிலோ வரை கற்கள் இருக்கின்றன. பெண்களும் களத்தில் இறங்குகிறார்கள். ஸ்காட்லாந்து நாட்டில் 'டின்னி' கற்கள் என்று இரண்டு கல் உண்டு. இரண்டும் சேர்த்து 332 கிலோ. ஐஸ்லாந்து நாட்டில் ஹூசாஃபெல் என்ற ஊரில் 186 கிலோவில் ஒரு கல் கிடக்கிறது. எந்த ஊரானாலும் வாலிபப் பசங்களுக்கு ஒரு கல்லைக் காட்டி 'தூக்குடா பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

மில் தொழிலாளி 'சாண்டோ'

கொங்கு மண்ணுக்கு இதில் தனி வரலாறே இருக்கிறது. சினிமா தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரை எல்லோருக்கும் தெரியும். எம்.ஜி.ஆரை வைத்து வரிசையாகப் படம் எடுத்தவர், மருதமலை முருகனுக்கு அள்ளிக் கொடுத்தவர். அவர் 1915-ம் ஆண்டு கோவை ராமநாதபுரத்தில் பிறந்தவர். சினிமாவுக்கு வருவதற்கு முன்பு பங்கஜா மில்லில் கூலி வேலை பார்த்தவர். பால் வியாபாரம், சோடா கம்பெனி என்று எல்லாம் செய்திருக்கிறார்.

அந்தக் கஷ்டத்திலும் கூட்டாளிகளோடு சேர்ந்து 'வீரமாருதி தேகப்பயிற்சி சாலை' என்று ஒன்றை நடத்தினார். தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை என்று உடம்பை ஏற்றி, அதனால்தான் பேருக்கு முன்னால் 'சாண்டோ' பட்டம் வந்தது. சாண்டோ என்பது ஜெர்மனியில் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பலசாலியின் பெயர். பலசாலி என்றாலே 'சாண்டோ' என்று கூப்பிடும் அளவுக்கு அவர் பெயர் ஊர் ஊராகப் பரவியிருந்தது. கோவை மில் தொழிலாளி வரைக்கும் வந்து சேர்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இதில் கவனிக்க வேண்டியது, தேவர் தனியாளாக ஒரு மூலையில் நின்று பயிற்சி செய்யவில்லை. சகோதரர்கள், நண்பர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. அந்தக் கூட்டம்தான் முக்கியம். ஏன் என்பதை பிறகு சொல்கிறோம்.

82 வயதில் 50 கிலோ!

அதே கோவையில், குனியமுத்தூரில் 2024-ம் ஆண்டு மே 1-ந்தேதி ஒரு ஸ்ட்ராங்மேன் போட்டி நடந்தது. அதில் பொள்ளாச்சி பக்கத்தைச் சேர்ந்த 82 வயது பாட்டி ஒருவர் கலந்துகொண்டு, பேத்தி வயதுப் பெண்களோடு போட்டி போட்டு, தரையில் இருந்த 50 கிலோவைத் தூக்கி நிமிர்ந்து நின்றார். ஐந்தாவது இடம்! நாடு முழுக்க பேப்பரில் வந்த செய்தி இது.

பாட்டிக்கு ஊக்கம் கொடுத்தது ஜிம்முக்குப் போகும் பேரன்கள். அதற்கு முன்பே 25 கிலோ அரிசி மூட்டையை அனாயாசமாகத் தூக்குகிறவர்தான். சாப்பாடு? ராகிக்களி, கம்மங்கூழ், முருங்கை சூப், வேக வைத்த முட்டை. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து பவுடர் டப்பா வாங்கும் தம்பிகள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

இடுப்பு வரைக்கும்தான் வித்தியாசம்

சரி, மூட்டை தூக்குகிறவர் ஏன் கல்லில் திணறுகிறார்? மண்டியில் உற்றுப் பார்த்தால் விடை தெரியும். மூட்டையை ஒருவரே தரையில் இருந்து தூக்குவது குறைவு. இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து ஏற்றிவிடுவார்கள். வாங்கிக்கொள்கிறவர் குனிந்து முதுகைக் கொடுத்து நடப்பார். அதாவது சுமப்பதில் அவர் சூரர். ஆனால் தரையில் இருந்து இடுப்பு வரைக்கும் உள்ள அந்த உயரம் இருக்கிறதே, போட்டியின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

முதுகு எலும்பைத் தாங்கும் தசை, எலும்பில் இருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. தூக்கும் பொருள் உடம்பை விட்டு 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் என்ன ஆகும்? எட்டு மடங்கு. 20 கிலோ பொருளுக்கு முதுகுத் தசை 160 கிலோ இழுவையைக் கொடுக்க வேண்டும். அதே பொருளை வயிற்றோடு ஒட்டிக்கொண்டால் பாதிக்கும் மேல் குறைந்துவிடும். நம்ம வீட்டுப் பொம்பளைங்க தண்ணிக் குடத்தை இடுப்போடு ஒட்டி வைத்து நடப்பது சும்மா இல்லை.

அதனால் கல்லை 'பிடித்து' தூக்கக் கூடாது, கட்டிப் பிடித்துத் தூக்கணும். கல்லுக்கு இரண்டு பக்கமும் காலை வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, கை இரண்டையும் கல்லுக்கு அடியில் கோர்ப்பது போல் கொண்டுபோக வேண்டும். மூச்சை வயிறு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு எழ வேண்டும். ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்ற நினைத்தால் கதை முடிந்தது. முதலில் தொடை மேல் ஏற்றி, அரை உட்காரலில் மடியில் வைத்துக்கொள்வது முதல் கட்டம். அங்கே பிடியை மாற்றிக்கொண்டு நெஞ்சுக்கு உருட்டுவது இரண்டாம் கட்டம். அப்புறம்தான் தோள். இளவட்டக்கல்லில் இதோடு முடியாது, தோளுக்குப் பின்னால் தள்ளிப் போட வேண்டும்.

முழங்கையை மடக்கிக்கொண்டு 'தம்' பிடித்து இழுத்தால் புஜத்துத் தசைநார் அறுந்துவிடும் ஆபத்து உண்டு. டயர் புரட்டும்போதும் அப்படித்தான். கை வெறும் கொக்கி மாதிரி. வேலை செய்ய வேண்டியது தொடையும் இடுப்பும்.

பழக ஆரம்பிக்க கல்லே தேவையில்லை. பழைய அரிசிப் பையில் மணலைக் கொட்டி, இன்னொரு பைக்குள் போட்டுத் தைத்தால் போதும். (காவிரி மணலை அள்ளினால் கேஸ் ஆகிவிடும், எம்-சாண்ட் போதும்!) 25 கிலோவில் ஆரம்பித்து, வாரத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோ கூட்டினால் போதுமானது. தேய்ந்த லாரி டயர் ஒன்று 50 கிலோ அளவுக்கு வரும். நாமக்கல், சங்ககிரி பக்கம் கேட்டால் கிடைக்கும். நாமக்கல்லில் 'பாடி' கட்டுவது லாரிக்கு மட்டும்தானா என்ன?

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பகலில் 60 கிலோ மூட்டை நூறு தூக்கினால் 6 ஆயிரம் கிலோ ஆச்சு. அதே ஆள் சாயங்காலம் ஜிம்முக்குப் போய் "இன்னைக்கு ஒரு கை பார்த்துடலாம்" என்று உச்ச எடையைத் தொட்டால் உடம்பு என்ன செய்யும்? ஒரு ஆண் தொழிலாளி வழக்கமாகத் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-ம் ஆண்டே பரிந்துரை செய்தது குறிப்பிடத்தக்கது. நம்ம மண்டிகளில் அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

தசை வளர்வது தூக்கும்போது அல்ல, தூங்கும்போது. கனமாகத் தூக்கிய தசை சரியாக இரண்டு நாள் வரை ஆகும். ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் வாரம் மூன்று, நான்கு நாள் பயிற்சி செய்யலாம். சுமை தூக்குகிறவர், கரும்பு வெட்டுக்குப் போகிறவர் வாரம் இரண்டு நாளே செய்யணும். ஏலம் நடக்கும் நாளில் பயிற்சி கூடவே கூடாது. கிடைக்கிற நேரத்தில் எட்டு மணி நேரம் தூங்கினால் அதுவே பாதிப் பயிற்சி. ராத்திரி 12 மணி வரைக்கும் செல்போனை நோண்டிக்கொண்டு இருந்தால் எந்தக் கல்லும் நகராது.

கொள்ளு இருக்க கவலை ஏன்?

சாப்பாட்டுக்கு வருவோம். புரதச்சத்து சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும். கனமாகத் தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு 1.6 கிராம் தேவை. 70 கிலோ எடையுள்ளவர் என்றால் ஒரு நாளைக்கு 112 கிராம்.

இதற்கு வெளிநாட்டு டப்பா வேண்டியதில்லை. நாமக்கல் முட்டை ஆறு, 36 கிராம். பால் அரை லிட்டர், 16. கோழிக்கறி 200 கிராம் எடுத்தால் 40. கொள்ளோ பச்சைப்பயறோ 50 கிராம் வேக வைத்தால் 11. நிலக்கடலை 50 கிராம், 13. கூட்டிப் பாருங்கள், 116 வந்துவிட்டது. தினமும் கறி எடுக்கக் கட்டுப்படியாகாது என்பவர்கள் கடையில் விற்கும் சோயா உருண்டையை எடுத்துக்கொள்ளலாம். நூறு கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் நம்ம வீடுகளில் வாராவாரம் வைப்பதுதானே? ராகியிலும் எள்ளிலும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து நிறைய.

புரதம் மட்டும் சாப்பிட்டு சோற்றைக் குறைக்கும் பழக்கமும் தம்பிகளிடம் இருக்கிறது. ஆணழகன் போட்டிக்கு அது சரிப்படலாம். கல் தூக்க சோறு வேண்டும், களி வேண்டும். பள்ளிபாளையம் சிக்கனும் தப்பில்லை, ஆனால் எண்ணெயில் மிதக்கும் தட்டு தினமும் வேண்டாம். வெயிலில் வேலை பார்க்கிறவர்கள் உப்புப் போட்ட மோரும் கம்மங்கூழும் குடித்தாலே பாதி சோர்வு போய்விடும்.

பவுடர் வாங்கியே தீருவேன் என்பவர்கள் டப்பாவில் 14 இலக்க உணவு பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்கவும். ஊசி விஷயம் இன்னும் மோசம். 'மூணு மாசத்தில் உடம்பு ஏறும்' என்று சொல்லிப் போடும் ஸ்டீராய்டு ஊசி, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து. இதயம், கல்லீரல் கெடும். விந்தணு குறைந்து குழந்தை இல்லாமல் போகலாம். கல்யாணக்கல் தூக்கப் போய் இந்த நிலைமை தேவையா?

எதிராளியே தூக்கிவிடுவான்

தேவரின் கூட்டம் பற்றி சொன்னோமே. தனியாக வீட்டு மாடியில் கல் தூக்குகிறவனுக்கு இரண்டு கஷ்டம். கல் நழுவி நெஞ்சில் விழுந்தால் எடுக்க ஆள் இல்லை. முதுகு வளைவது அவன் கண்ணுக்கே தெரியாது. "டேய், முதுகு கூனுது, இறக்கு" என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். அந்த ஒரு வார்த்தை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செலவை மிச்சம் பிடிக்கும்.

போட்டிக் களத்திலும் இதைப் பார்க்கலாம். கபடி மாதிரி எதிராளியை மடக்கும் ஆட்டம் இல்லை இது. எதிரி கல்தான். அதனால் போட்டியாளரே அடுத்தவனுக்கு "விடாதே, விடாதே, ஏத்து!" என்று தொண்டை கிழியக் கத்துவான். பங்குனி உத்திரத்துக்கு கொடுமுடியில் தீர்த்தம் எடுத்து பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்தில், ஒருத்தர் தோள் வலித்தால் இன்னொருத்தர் வாங்கிக்கொள்வார் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. மூன்று நாலு பேர், ஒரு களத்து மேடு, இரண்டு மணல் மூட்டை, ஒரு டயர் இருந்தால் ஒரு பயிற்சி சாலை ஆரம்பித்துவிடலாம்.

யார் இறங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூச்சடக்கி கனம் தூக்கும் அந்த நொடியில் ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். பி.பி. உள்ளவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கண்ணில் ஆபரேஷன் செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. முதுகு வலி காலுக்கு இறங்கி மரத்துப் போகிறது என்றால், எண்ணெய் போட்டு நீவிவிட்டு மறுநாள் மறுபடி தூக்காமல், ஈரோடு போய் எலும்பு டாக்டரைப் பார்ப்பதே நல்லது.

எடைப் பிரிவு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் போட்டிகளில் 80, 90, 105 கிலோவுக்குள் என்று பிரித்து விடுகிறார்கள். 65 கிலோ ஆளை 110 கிலோ ஆளோடு நிறுத்தும் போட்டியில், முதல் தடவையிலேயே பேர் கொடுக்க வேண்டாம். போட்டிக்கு முந்தின நாலைந்து நாள் கனமாக எதையும் தூக்காமல் இருப்பது நல்லது. அன்று காலையில் நாலு இட்லி, இரண்டு வாழைப்பழம். பிரியாணியை எல்லாம் கல்லைக் கீழே போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.